தரையறிந்து சக்கரம்



சக்கரத்தைப் பற்றிப் பேச ஒரு பழைய தலைமையாசிரியனுக்கு என்ன உரிமை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நான் பொறியாளன் அல்லேன்; பந்தய வண்டி ஓட்டியவனும் அல்லேன். 33 ஆண்டுகள் பள்ளியில் இயற்பியலும் கணக்கும் கற்பித்தவன். விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம் என்னும் விதியைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் அந்த விதியின் பொருளை நான் உண்மையில் உணர்ந்தது வகுப்பறையில் அன்று. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நண்பகல் வெயிலில், கணுக்கால் புதைய மணலில் நின்றபோதுதான் உணர்ந்தேன். அந்த நிகழ்ச்சியிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் சொந்தத் தொழில் செய்து முன்னுக்கு வந்தவர். அவர் புதிதாக ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். முன்புறம் ஐவர் அமரும் அறையும், பின்புறம் மூடப்படாத சரக்குத் தட்டும், நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் அமைப்பும் கொண்ட வண்டி அது. மேடு பள்ளங்களுக்கென்றே செய்யப்பட்ட வண்டி. ஆனால் வாங்கியவுடன் அவர் செய்த முதல் வேலை, தொழிற்சாலையில் பூட்டி வந்த 17 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் 20 அங்குல அலாய் சக்கரங்களைப் பூட்டியதுதான். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. நானும் நன்றாயிருக்கிறது என்றே சொன்னேன்.

நான் பல ஆண்டுகளாகச் சேர்த்த நூல்களை அவருடைய ஊர்ப் பள்ளி நூலகத்துக்கு அளிப்பதாக ஏற்பாடு. பெட்டிகளைத் தட்டில் ஏற்றிக்கொண்டு இருவரும் புறப்பட்டோம். பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம். நேரமாகிவிட்டதென்று, திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே செக்கச் சிவந்து பரந்து கிடக்கும் தேரியின் ஊடே ஒரு குறுக்கு வழியில் வண்டியைச் செலுத்தினார். முதல் அரை மைல் தொல்லையின்றிச் சென்றது. அதன் பிறகு வண்டியின் வேகம் குறைந்தது. அவர் எஞ்சினை முடுக்கினார். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. சுழலச் சுழல மணலைப் பறித்துப் பின்னே வீசின. சில நொடிகளில் அச்சு வரையில் வண்டி இறங்கிவிட்டது.

இருவரும் இறங்கித் தோண்டினோம். தோண்டிய குழியில் மணல் மீண்டும் சரிந்து விழுந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இவ்வாறு போயிற்று. அப்போது அவ்வழியே டிராக்டர் ஓட்டி வந்த ஒரு முதியவர் நிறுத்தி இறங்கினார். அவர் மண்வெட்டியைத் தொடவில்லை. குனிந்து டயரை ஒரு முறை தட்டிப் பார்த்தார்.

“சார், எவ்வளவு தோண்டினாலும் இது நிற்காது. முதலில் காற்றை இறக்குங்கள்” என்றார். பிறகு என் மாணவரைப் பார்த்து, “என்ன தம்பி, இந்த டயரில் இறங்குவதற்கு இடமே இல்லையே! காற்றை விட்டால் நேரே இரும்புதானே தரையில் இடிக்கும்?” என்று கேட்டார்.

ஆயினும் ஒரு குச்சியால் வால்வின் முனையை அழுத்தி, நான்கு டயர்களிலும் இறக்கத்தக்க அளவு காற்றை இறக்கினார். பனையோலைகளை மடித்துச் சக்கரங்களின் முன்னே பரப்பச் செய்தார். மெல்ல, மிக மெல்ல வண்டியைக் கிளப்பச் சொன்னார். வண்டி எழுந்து வந்தது. ஆனால் தேரியின் விளிம்பில் ஒரு கல்லில் ஏறியபோது, அவர் அஞ்சியது போலவே, டயர் முற்றும் நசுங்கி அலாய் சக்கரத்தின் விளிம்பு கல்லில் மோதி வெடித்தது. மாற்றுச் சக்கரம் பூட்டிப் பள்ளியை அடைந்தபோது மாலை 6 மணி. கூட்டம் கலைந்திருந்தது, காவலர் ஒருவர் மட்டும் இருந்தார்.

நூல்கள் காத்திருக்கும், குறையொன்றுமில்லை. ஆனால் அந்தத் தட்டில் நூற்பெட்டிகளுக்குப் பதிலாக ஒரு நோயாளி படுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. மற்றோர் எண்ணமும் உறுத்தியது. அழுத்தத்தின் விதியை அறிந்தவன் நான். அதை அங்கே கண்டவர் அவர். அன்று முதல் சக்கரத்தைப் பற்றி நான் தேடிக் கற்றவற்றையே இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு வண்டியின் சுமையைத் தாங்குவது எது? ரப்பர் என்பீர்கள், இரும்பு என்பீர்கள். உண்மையில் பெரும்பாலும் தாங்குவது டயருக்குள் அடைபட்ட காற்றே. ரப்பரும் அதனுள் பொதிந்த நூலிழைகளும் எஃகுக் கம்பிகளும் அந்தக் காற்றைக் கட்டி வைக்கும் பைதான்.

ஒரு பிக்கப் வண்டி சுமையுடன் 2,400 கிலோகிராம் எடை என்று கொள்வோம். நான்கு சக்கரங்களும் சமமாகத் தாங்கினால் ஒவ்வொன்றின்மீதும் 600 கிலோகிராம். டயரில் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தத்தில் காற்று இருக்கிறது. இதனைச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.46 கிலோகிராம் எனலாம். 600ஐ 2.46ஆல் வகுத்தால் 244. அதாவது, டயர் தரையைத் தொடும் பரப்பு 244 சதுர சென்டிமீட்டர். இது எவ்வளவு? இரண்டு அஞ்சலட்டைகளின் பரப்பு! அவ்வளவு பெரிய வண்டியின் ஒரு மூலை இரண்டு அஞ்சலட்டைகளின்மேல் நிற்கிறது.

இப்போது காற்றை 18 பவுண்டுக்குக் குறையுங்கள். அது சதுர சென்டிமீட்டருக்கு 1.27 கிலோகிராம் ஆகும். 600ஐ அதனால் வகுத்தால் 470க்கு மேல் வரும். இரண்டு அஞ்சலட்டைகள் ஏறத்தாழ நான்கு ஆகிவிட்டன. டயரின் பக்கச்சுவரும் சிறிது சுமையைத் தாங்குவதால் உண்மையான அளவு இக்கணக்கினின்று சற்று வேறுபடும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. அதே வண்டி, அதே எடை, அதே சக்கரம். ஆனால் மணலின்மீது விழும் அழுத்தம் பாதியாகிவிட்டது. அழுத்தம் மணலின் தாங்கும் வலிமையைவிட மிகும்போது மணற்பரல்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி நழுவுகிறது, சக்கரம் புதைகிறது. குறைந்தால் மிதக்கிறது. கரும்பலகையில் நான் எழுதிய விதி இதுவேயன்றி வேறில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. காற்றைக் குறைத்தால் டயர் அகன்று விரிகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். அகலம் சிறிதளவே கூடுகிறது. தரையில் பதியும் பகுதி பெரும்பாலும் நீளவாக்கிலேயே வளர்கிறது. டயர் ஒரு சிறு சங்கிலித் தடம் போல நீண்டு படிகிறது. முன்னே தள்ள வேண்டிய மணல் குறைந்து, பின்னே ஊன்றிக்கொள்ளும் தரை மிகுகிறது. ஆகவேதான் காற்றைக் குறைத்த ஒடுக்கமான டயரும் மணலில் நன்றாகச் செல்கிறது.

தேரியில் அந்த முதியவர் அனுபவத்தால் அறிந்திருந்த இதே செய்தியை, சென்ற நூற்றாண்டில் பெரும்பாலை ஒன்றில் கண்டு, அதை அறிவியலின் வாயில் வரையில் கொண்டு சென்றவர் ரால்ஃப் பாக்னால்டு என்னும் ஆங்கிலேயர். 1920களில் எகிப்தில் பணியாற்றிய படைப் பொறியாளர் அவர். விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் ஃபோர்டு கார்களில் ஏறி, எவரும் மோட்டார் வண்டியில் கடக்க முடியாது என்று கருதப்பட்ட லிபியப் பாலைவனத்துக்குள் சென்றார். சென்ற இடமெல்லாம் புதைந்தார். புதைந்த இடமெல்லாம் கற்றார். டயரில் காற்றைக் குறைத்தால் மணல் தாங்குகிறது என்று கண்டார். புதைந்த வண்டியைக் கிளப்ப, சக்கரத்தின் அடியில் நீண்ட எஃகுத் தகடுகளை இட்டார். நம் பனையோலையின் உடன்பிறப்பு அது. மணல்மேடுகளின் ஒரு புறம் காற்றால் இறுகியும், மறுபுறம் சரிந்து விழுந்த மணலால் நெகிழ்ந்தும் இருப்பதை வண்டியோட்டியே உணர்ந்தார்.

1940ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போரின்போது, இந்த அறிவைக் கொண்டே அவர் ‘நெடுந்தொலைப் பாலைவனப் படை’ ஒன்றை அமைத்தார். அப்படை பெரிதும் பயன்படுத்தியது ஒன்றரை டன் செவ்ரலே டிரக்குகளை. கதவுகளையும் முன்கண்ணாடியையும் கழற்றிவிட்டு, நீரும் எரிபொருளும் உணவும் ஏற்றி, நூற்றுக்கணக்கான மைல்கள் பகைவரின் பின்புறம் வரை அவை சென்றன. இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தச் செவ்ரலே டிரக்குகளுக்கு நான்கு சக்கர உந்துதல் கிடையாது. பின் சக்கரங்கள் இரண்டு மட்டுமே உந்தின. இடையில் சில காலம் நான்கு சக்கர உந்துதல் உள்ள ஃபோர்டு டிரக்குகளைப் பயன்படுத்திய பின், அவை எடை மிகுந்து எரிபொருளை மிகுதியாகக் குடித்தமையால், 1942இல் மீண்டும் செவ்ரலேயையே அப்படை நாடியது. எஞ்சினின் ஆற்றலினும், தரையைத் தொடும் இடத்தில் நிகழ்வதே முதன்மையானது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பாக்னால்டு தாம் கண்டதோடு நிற்கவில்லை. காற்றுக் குழாய் அமைத்து மணலின் ஓட்டத்தை ஆராய்ந்து, 1941இல் மணலின் இயற்பியல் பற்றிய நூலை வெளியிட்டார். 1944இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புதைந்த சக்கரம் ஒருவரை அங்கே கொண்டு சேர்த்தது.

இத்துறை பின்னர் வளர்ந்தது. அமெரிக்கப் படைக்காக 1942இல் உருவான ‘டக்’ என்னும் நீரிலும் நிலத்திலும் செல்லும் டிரக்கில், ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தபடியே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்யப்பட்டது. கடலிலிருந்து கரையேறும்போது மென்மணலுக்குக் குறைந்த காற்று. சாலையை அடைந்ததும் மிகுந்த காற்று. போலந்தில் பிறந்த மியெச்சிஸ்வாவ் பெக்கர் என்னும் அறிஞர், தரைக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவை ஒரு தனி அறிவியலாகவே வகுத்து 1956இல் நூல் எழுதினார். 1971இல் அப்பல்லோ 15 சந்திரனுக்குக் கொண்டு சென்ற வண்டியின் உருவாக்கத்தில் அவருடைய ஆராய்ச்சி உதவிற்று. அதன் சக்கரங்களில் ரப்பரும் இல்லை, காற்றும் இல்லை. துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிகளை வலைபோலப் பின்னி, அதன்மேல் டைட்டானியப் பட்டைகளைப் பொருத்தியிருந்தனர். அங்குள்ள தரைக்கு அதுவே ஏற்றது. தரையை முதலில் அறிந்தார்கள். சக்கரத்தைப் பின்னர் செய்தார்கள்.

இந்த வரிசையை மனத்திற்கொண்டு, நாம் பிக்கப் வண்டிக்குத் திரும்புவோம். சாலையை விட்டு விலகும் வண்டி சந்திக்கும் தரைகள் பல. ஒவ்வொன்றும் டயரிடம் ஒவ்வொன்றைக் கேட்கிறது.

மணல் கேட்பது பரப்பை. ஆழ்ந்த பள்ளங்கள் வெட்டிய முரட்டு டயர் மணலில் நன்மையைவிடத் தீமையே செய்யும். அது மண்வெட்டி போலத் தோண்டும். மணலுக்கு உயர்ந்த பக்கச்சுவரும் குறைந்த காற்றுமே துணை.

சேறு கேட்பது பிடியை. நம் கரிசல் மண்ணில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டியவர்கள் அறிவார்கள். களி டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு, டயரையே வழுவழுப்பான உருளையாக்கிவிடும். சேற்றுக்கான டயரில் ரப்பர்க் கட்டிகள் பெரியனவாகவும், இடைவெளிகள் அகன்றும் இருக்கும். சுழலும்போது சேறு தானே தெறித்து விழுந்துவிடும். சேற்றின் அடியில் கெட்டித் தரை இருக்குமாயின், ஒடுக்கமான டயர் அதை ஊடுருவிக் கீழே ஊன்றும். அடியில் தரையே இல்லாத ஆழ்சேறாயின் அகன்ற டயர் மேலே மிதக்க உதவும்.

பாறை கேட்பது இணக்கத்தை. காற்று மிகுந்த டயர் கூரிய கல்லின் முனையில் நின்று வழுக்கும். சற்றுக் குறைந்த டயர் கல்லின் வடிவத்துக்கு வளைந்து அதைக் கவ்வும். ஆனால் பாறை நிலத்தில் டயர் பெரும்பாலும் கிழிபடுவது தரையைத் தொடும் இடத்திலன்று, பக்கச்சுவரில். எனவே அங்கே பக்கச்சுவரின் வலிமையைப் பார்த்தல் வேண்டும்.

பனி கேட்பதும் பரப்பையே. மணலினும் மிகுதியாகக் கேட்கும். ஐஸ்லாந்து நாட்டில் பனிப்பாறைகளின்மேல் செல்ல, பிக்கப் வண்டிகளில் 38 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள டயர்களைப் பூட்டி, காற்றைச் சதுர அங்குலத்துக்கு 3, 4 பவுண்டு வரையில் குறைத்துவிடுகின்றனர். அவ்வாறு தளர்ந்த டயர் ரிம்மை விட்டுக் கழன்று போகாதிருக்கத் தனி ஏற்பாடுகள் செய்துகொள்கின்றனர். அந்த நாட்டின் தேவை அது. அவ்வளவு பெரிய டயரை நம் சாலையில் ஓடும் வண்டிக்குப் பூட்டுவது, மழைக்கோட்டை அணிந்துகொண்டு மணவறையில் அமர்வது போன்றது.

ஆகவே டயர் வாங்குவோர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய முதற் கேள்வி, “எந்த டயர் சிறந்தது?” என்பதன்று. “என் வண்டி பத்து நாட்களில் எத்தனை நாட்கள் எந்தத் தரையில் ஓடுகிறது?” என்பதே. கடைகளில் மூவகை டயர்கள் சொல்லப்படும். நெடுஞ்சாலைக்கானவை ஹெச்டி, எல்லா நிலத்துக்கும் பொதுவானவை ஏடி, சேற்றுக்கானவை எம்டி. எம்டி டயர் சேற்றில் மன்னன். ஆனால் மழை நனைத்த தார்ச்சாலையில் அதன் ரப்பர் தொடும் பரப்பு குறைவாதலால், பிரேக் பிடித்தால் வண்டி நிற்க நீண்ட தொலைவு தேவைப்படும். ஓசையும் மிகுதி, தேய்வும் விரைவு. பத்தில் எட்டு ஒன்பது நாட்கள் சாலையிலும், எஞ்சிய நாட்கள் தோட்டம், ஆற்றுமணல், மலைப்பாதை எனவும் செல்லும் வண்டிக்கு ஏடி டயரே அறிவுடைய தேர்வு.

அடுத்து, டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எழுத்துக்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். என் மாணவரின் வண்டியில் முதலில் இருந்த டயரில் 265/65 ஆர் 17 112 எஸ் என்று இருந்தது. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு என்பது. கணக்கிட்டால் 172 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், 432 மில்லிமீட்டர். மேலும் கீழும் பக்கச்சுவரைக் கூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் 776 மில்லிமீட்டர்.

அவர் பிறகு பூட்டியது 265/50 ஆர் 20. ரிம் 508 மில்லிமீட்டர். பக்கச்சுவர் 132 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். முழு உயரம் 773. பாருங்கள், வெளியிலிருந்து நோக்கினால் இரண்டும் ஒரே உயரம். பெரிய சக்கரம் பூட்டிவிட்டோம் என்று அவர் எண்ணினார். பெரிதானது உலோகம், சிறுத்தது காற்றின் இடம். ஒவ்வொரு புறமும் 40 மில்லிமீட்டர் மெத்தை போய்விட்டது. “இறங்குவதற்கு இடமே இல்லையே” என்று அந்த முதியவர் ஒரு தட்டில் கண்டறிந்தது இந்த 40 மில்லிமீட்டரைத்தான். சாலையை விட்டு விலகும் வண்டிக்குச் சிறிய ரிம்மும் உயர்ந்த பக்கச்சுவருமே நல்லது என்பதன் காரணம் இது.

எஞ்சிய எழுத்துக்களில் 112 என்பது சுமைக் குறியீடு. முழுக் காற்றுடன் அந்த டயர் 1,120 கிலோகிராம் வரை தாங்கும் என்பது பொருள். எஸ் என்பது வேகக் குறியீடு. மணிக்கு 180 கிலோமீட்டர் எல்லை. பிக்கப் வண்டி சுமை ஏற்றும் வண்டியாதலால், முதலில் இருந்ததைவிடக் குறைந்த சுமைக் குறியீடுள்ள டயரை ஒருபோதும் வாங்கலாகாது. வயதையும் படிக்கலாம்: வரிசை எண்ணின் இறுதியில் 2319 என்று இருந்தால், அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. தேயாத டயராயினும் ஆண்டுகள் பல கடந்தால் ரப்பர் இறுகி வெடிப்புறும்.

முழு உயரத்தையே கூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். 776 மில்லிமீட்டர் டயரை எடுத்துவிட்டு 33 அங்குல டயர், அதாவது 838 மில்லிமீட்டர், பூட்டுவோம். விட்டம் 62 மில்லிமீட்டர் கூடியது. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதி, 31 மில்லிமீட்டரே. அந்த ஆதாயத்துக்கு நாம் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 8 விழுக்காடு கூடுதலாகச் செல்வதால், வேகமானி சரியாக 100 காட்டிவந்த வண்டி இப்போது 108இல் ஓடும். எஞ்சின் ஏற்றத்தில் திணறும். எடை மிகுந்த சக்கரத்தை நிறுத்தப் பிரேக் மிகுதியாக உழைக்க வேண்டும். திருப்பத்தில் டயர் வண்டியின் உடலில் உராயவும் கூடும். நம் நாட்டில், பதிவுச் சான்றில் கண்ட தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் மறக்கலாகாது.

இனி ரிம். எஃகு ரிம் கனமானது. ஆனால் கல்லில் மோதினால் பெரும்பாலும் வளையும். வளைந்ததைச் சுத்தியால் தட்டி ஓரளவு நிமிர்த்திக்கொண்டு ஊர் வந்து சேரலாம். அலுமினிய அலாய் ரிம் எடை குறைந்தது. வெப்பத்தை விரைவில் வெளியேற்றும். ஆனால் எல்லை மீறிய மோதலில் வளையாமல் வெடிக்கலாம். ஆளரவமற்ற இடங்களுக்குச் செல்வோர் பலர் இன்றும் எஃகையே விரும்புவதன் காரணம் இதுவே. எதை வாங்கினும், போல்ட்டுகளின் எண்ணிக்கையும் வட்டத்தின் அளவும் நடுத்துளையும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பிக்கப் வண்டிகள் பலவற்றில் 139.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஆறு போல்ட்டுகள் இருக்கும். அன்றியும், சக்கரம் பழைய அளவினும் வெளியே துருத்தி நிற்கும்படி ரிம்மைத் தேர்ந்தெடுத்தால், நெம்புகோலின் நீண்ட கைபோல அது பேரிங்கையும் ஸ்டீயரிங்கையும் ஓயாமல் வருத்தும். தோற்றத்துக்கு விரிந்து நிற்கும் சக்கரம் வண்டியின் எலும்புகளை மெல்லத் தேய்க்கிறது.

மாற்றுச் சக்கரமும் மற்ற நான்கின் உயரத்திலேயே இருத்தல் வேண்டும். நான்கு சக்கர உந்துதலில் ஒன்று மட்டும் சிறுத்தால் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று போராடித் தேயும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இது உயிரைப் பற்றியது, கூர்ந்து கேளுங்கள். காற்றைக் குறைப்பது மணலுக்கு மருந்து, சாலைக்கு நஞ்சு. குறைந்த காற்றுள்ள டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் சூடேறுவது போல அது சூடேறுகிறது. வேகமும் சுமையும் வெயிலும் சேர்ந்தால் டயரின் அடுக்குகள் பிரிந்து, ஓடும்போதே மேற்பட்டை கழன்றுவிடும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டயரின் மேற்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்து பலர் மாண்ட பிறகு, பல லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அவ்வாண்டே அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அதன் வழியே புதிய கார்களிலும் சிறு டிரக்குகளிலும் டயரின் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயமாயிற்று. ஆகவே மணலில் 18 பவுண்டுக்கு இறக்கினீர்களாயின், 30, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள், சட்டென்று திருப்பாதீர்கள், தார்ச்சாலையில் ஏறியவுடன் மீண்டும் காற்றை நிரப்புங்கள். இறக்குவதற்குக் குச்சி போதும். ஏற்றுவதற்குப் பம்பு வேண்டும். பம்பும் அழுத்தமானியும் இல்லாமல் காற்றை இறக்குவது, திரும்பும் வழியை எண்ணாமல் காட்டுக்குள் புகுவதாகும்.

என் மாணவர் இப்போது பழைய 17 அங்குலச் சக்கரங்களையே பூட்டியிருக்கிறார். டயர்கள் ஏடி வகை. இருக்கைக்குப் பின்னே ஒரு சிறிய பம்பு. முன்னே ஓர் அழுத்தமானி. அந்தப் பளபளப்பான சக்கரங்களில் வெடிக்காத மூன்றையும் விற்க முயன்றார். மூன்று சக்கரம் வாங்குவோர் எவரும் கிடைக்கவில்லையாம்.

சென்ற ஆண்டு அவருடைய ஊர்ப் பள்ளியில் பேச அழைத்தார்கள். இம்முறையும் தேரியின் வழியே சென்றோம். மணலின் விளிம்பில் அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, அழுத்தமானியை வைத்து நான்கு டயர்களையும் 18க்குக் குறைத்தார். அதற்கு ஏழெட்டு நிமிடங்கள் ஆயின. மறுபுறம் ஏறியதும் மீண்டும் நிரப்பினார். கூட்டம் தொடங்குவதற்குக் கால் மணி முன்னதாகவே சென்று சேர்ந்தோம். அன்று நான் அளித்த நூல்கள் அங்கே அடுக்கில் இருந்தன. ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் நூலை எடுத்து, அழுத்தம் பற்றிய பக்கத்தைத் திறந்து, அந்தப் பிள்ளைகளிடம் வெளியே நிற்கும் வண்டியைக் காட்டினேன்.

நீங்களும் உங்கள் பாடநூலில் அந்தப் பக்கத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். பிறகு தெருவுக்குப் போய், நிற்கின்ற ஒரு வண்டியின் டயர் தரையைத் தொடும் இடத்தைக் குனிந்து நோக்குங்கள். விதி அங்கேதான் இருக்கிறது.